கரிமூட்டம்: தீயை அரைவழியில் நிறுத்தும் வேலை

விறகு அடுப்பை உற்றுப் பார்த்தால் சுவாலை கட்டையின்மேல் ஒட்டாமல் இழையளவு விலகி நிற்பது தெரியும். அங்கே எரிவது கட்டையிலிருந்து கிளம்பும் ஆவி. மரம் சூடேறும்போது முதலில் ஈரம் போகிறது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரமே சிதையத் தொடங்கி, எரியக்கூடிய வாயுக்களையும் தார் ஆவியையும் வெளிவிடுகிறது. இவை காற்றோடு கலந்து பற்றினால் சுவாலை. இவையெல்லாம் போனபின் மிஞ்சும் கார்பன், சுவாலை இல்லாமல் கங்காகக் கனன்று சாம்பலாகிறது. ஆக, ஒரே கட்டை இரண்டு கட்டங்களாக எரிகிறது. முதல் கட்டம் முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் காற்றை அடைத்துவிட்டால் கிடைப்பதுதான் கரி.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி, குவியலாக அடுக்கி, மண்ணால் மூடி மூட்டம் போடுபவர்கள் செய்வது இதைத்தான். கையில் வெப்பமானி கிடையாது. புகையின் நிறம், மண் மூடி உள்ளே அமுங்கும் விதம், வாசனை ஆகிய மூன்றை வைத்தே உள்ளே நடப்பதைக் கணிக்கிறார்கள்.

அடுக்குவதில்தான் பாதி வெற்றி. தூர்க்கட்டைகளும் பருமனான கட்டைகளும் நடுவில், மெல்லிய கம்புகள் வெளியே. நடுப்பகுதிதான் அதிக நேரம் சூட்டில் இருக்கும். பருத்த கட்டையின் உட்புறம்வரை சூடு இறங்க அந்த நேரம் வேண்டும். கட்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளைச் சிறு கம்புகளால் அடைக்க வேண்டும். சந்து இருந்தால் அதன் வழியே காற்று ஓடி, அந்த இடம் மட்டும் எரிந்து சாம்பலாகும். மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, அதன்மேல் ஈரமண்ணைப் பூசுகிறார்கள். தழை இல்லாவிட்டால் மண் கட்டைகளுக்கிடையே உதிர்ந்து கரியோடு கலந்துவிடும். பிறகு எரிக்கும்போது சாம்பல்தான் கூடும். வெறும் மணல் மண்ணும் ஆகாது, சூட்டில் சரிந்துவிடும். வெறும் களிமண் வெடிப்புவிடும். இரண்டும் கலந்த மண்ணே நிற்கும்.

தீ வைத்து, பற்றியது உறுதியானதும் தீ வைத்த வாயை மூடிவிட்டு, அடியில் சிறு துளைகளை மட்டும் விடுவார்கள். முதலில் வருவது அடர்ந்த வெள்ளைப் புகை. அதில் பெரும்பகுதி நீராவி. ஒரு கிலோ தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மூட்டத்துக்குள் அந்த வெப்பம் வேறெங்கிருந்தும் வருவதில்லை, அடுக்கிய விறகில் ஒரு பகுதி எரிந்துதான் வருகிறது. பச்சை விறகில் மூட்டம் போட்டால் கரி குறைவதற்கு இதுவே காரணம். வெட்டிய விறகைச் சில வாரமாவது வெயிலில் போட்டுவைப்பது வீண் காத்திருப்பு அல்ல.

ஈரம் தீர்ந்ததும் புகை மஞ்சளோடி, கண்ணை எரிக்கும். மரம் ஆகியிருக்கும் மூன்று முக்கியப் பொருள்களில் ஹெமிசெல்லுலோஸ் முதலிலும், 300 டிகிரிக்கு மேல் செல்லுலோஸும் சிதையும் நேரம் இது. அசிட்டிக் அமிலமும் தாரும் அந்தப் புகையில் இருக்கின்றன. மூன்றாவதான லிக்னின் மெதுவாகச் சிதைந்து, கரியாக நிற்பதில் பெரும்பங்கு தருகிறது. சுமார் 280 டிகிரிக்கு மேல் சிதைவே வெப்பத்தை வெளிவிடுவதால், அதற்குப்பின் மூட்டத்துக்கு அதிகக் காற்று தேவையில்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: புகை மந்தமாகிறதே என்று துளையைப் பெரிதாக்கினால் உருவான கரியே எரியத் தொடங்கிவிடும்.

கடைசியில் புகை மெலிந்து நீலமாகும். தார் ஆவி தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. நீலப் புகை வரும் துளையை அப்போதே அடைக்க வேண்டும். புகையே தெரியாமல் அனல் மட்டும் அடித்தால் அந்தப் பக்கம் தாமதமாகிவிட்டது. காற்று வீசும் பக்கம் எப்போதும் முந்திக்கொண்டு வேகும். அந்தப் பக்கத் துளைகளை முன்பே சுருக்கிவிடுவது நல்லது. கரியானபின் கட்டை சுருங்குவதால் மூடி ஆங்காங்கே அமுங்கி வெடிப்புவிடும். வெடிப்பை உடனே மண்ணால் பூச வேண்டும், இரவானாலும். மூட்டத்தின்மேல் ஏறி நடப்பது உயிருக்கு ஆபத்து. மேலே உறுதியாகத் தெரியும் மண்ணுக்குக் கீழே பள்ளமும் நெருப்பும் இருக்கலாம்.

எந்தச் சூட்டில் நிறுத்தினோம் என்பதே கரியின் தரம். 300 டிகிரியோடு நின்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் நிலைத்த கார்பன், அதாவது ஆவியாகப் போகாமல் கங்காக எரியும் கார்பன்; எடை அதிகம் நிற்கும், ஆனால் பற்றவைத்தால் புகையும். 500 டிகிரி வரை போனால் கார்பன் 85 சதவீதத்தைத் தாண்டும், எடை குறையும். நன்கு வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், உடைத்தால் முகம் பளபளக்கும். பழுப்பாக இருந்து மந்தமாக ஒலித்தால் அது அரைவேக்காடு. பொறுக்கி அடுத்த மூட்டத்தில் போட்டுவிடலாம்.

இந்த முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு டன் காய்ந்த விறகில் 200 கிலோ கரி எடுப்பதே நல்ல விளைச்சல். விறகின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதமே கரியில் நிற்கிறது. மற்றது புகையாகவும் சூடாகவும் போய்விடுகிறது. மூடிய இரும்புக் கலனில் மரத்தை வைத்து, வெளிவரும் வாயுவையே அடியில் எரிபொருளாகத் திருப்பிவிடும் முறையில் விளைச்சலும் கூடும், மூச்சை அடைக்கும் புகையும் வெகுவாகக் குறையும். முதலீடுதான் தடை. மண்மூட்டத்துக்கு அது தேவையில்லை, காட்டிலேயே போடலாம்.

எல்லாத் துளையையும் அடைத்தபின் சில நாள் ஆறவிட வேண்டும். மேல்மண் கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டதும் கரி கங்காகிவிடும். பிறகு தண்ணீர் தெளித்து அணைத்தால் கரி நொறுங்கித் தூளாகும். முழுக்க ஆறிய புதுக்கரிகூட ஆக்சிஜனை உறிஞ்சித் தானே சூடேறும். அதனால் ஒருநாள் வெளியில் பரப்பிவைத்த பிறகே சாக்கில் அள்ள வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். கரி கனலும் அறையில் சன்னல் திறந்திருக்கட்டும்: கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கவே கூடாது.