14,000-ஐ 900-ஆல் வகுத்தால் முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியாது

ஆவணியில் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். ஞாயிறு காலை 6 மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரைச் செய்ய வேண்டிய அக்கா சான் பிரான்சிஸ்கோவில் இருந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது பந்தியே ஓய்ந்துவிட்டது. சித்தப்பா மகளை நிறுத்திச் சீரை முடித்திருந்தார்கள்.

டிக்கெட் அவர்களே செல்போனில் போட்டது. அதன் பிரிண்டோடு என் டிராவல்ஸ் கடைக்கு வந்த அந்தப் பெண்ணின் அப்பா கேட்டார்: "ஏனுங்க, பெங்களூருக்கு 14,000 கிலோமீட்டர். பிளேன் 900 வேகத்துல போகுது. பதினஞ்சரை மணி நேரந்தானுங்களே? வெள்ளிக்கெழமை ராத்திரி 9 மணிக்கு ஏறுன புள்ள சனிக்கெழமை மத்தியானமே வந்திருக்கோணுமுங்களே?"

இந்த மாதிரிக் கணக்கோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். அங்கே வெள்ளி இரவு 9 என்றால் நமக்குச் சனி காலை 9.30. அதிலிருந்து சுமார் 17 மணி நேரம் கூட்டுங்கள், ஞாயிறு அதிகாலை 2.30. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 4 ஆகும். அப்புறம் ஓசூர், தொப்பூர், சேலம் தாண்டி வர வேண்டாமா?

சார்ஜாவும் இப்படித்தான். கோவையில் இருந்து சுமார் 2,750 கி.மீ. போகும் டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் போலத் தெரியும், திரும்பும் டிக்கெட்டில் ஐந்தரை. "போறப்ப மட்டும் வேகமாப் போகுதுங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க, இரண்டுமே சுமார் நான்கு மணி நேரம்தான். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

தூரத்தை வேகத்தால் வகுப்பதும் உதவாது. கோவையில் இருந்து ஊட்டி 86 கி.மீ.தானே, ஒன்றரை மணி நேரத்தில் மலை ஏறிவிடுவீர்களா? விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. அதனால் சென்னையில் இருந்து லண்டன் போவதை விடத் திரும்பி வரும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம். பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு டெல்லியில் இருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றித்தான் போகின்றன. டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தில் ரன்வே வரை ஊர்ந்து போவதும் சேர்த்தி. அதை நம்புங்கள், கூகுள் தூரத்தை விட்டுவிடுங்கள்.

15-ஆம் தேதி 00.40 விமானம் என்றால் 14-ஆம் தேதி ராத்திரியே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15 ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பீளமேடு ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்களை என்ன சொல்ல! இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1, +2 இருக்கிறதா என்று பாருங்கள், அத்தனை நாள் தள்ளி இறங்குகிறீர்கள். இரண்டாயிரம் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, அந்தப் பணமும் போச்சு. நடுவில் வெளிநாட்டில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டுமென்றால் அந்த நாட்டு விசாவும் கேட்பார்கள்.

கல்யாணம், காரியம் என்று வருகிறவர்களாவது இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற மாதிரிப் போடுங்கள். டிக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கட்டும் முன் ஒருதரம் காட்டிவிட்டுப் போங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.