பன்றிக்குட்டிக்கு ஒரே ஊசியில் இரண்டு மருந்து: கலப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குடியாத்தம், அணைக்கட்டு வட்டாரங்களில் வெண்பன்றி வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “டாக்டர் சார், இரண்டு தடுப்பு மருந்தையும் ஒரே சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிடலாமா? குட்டியைப் பிடிக்கும் வேலை ஒரு தடவையோடு முடிந்துவிடுமே.” கேள்வி நியாயமானதுதான். ஒரு குட்டியைத் தூக்கினால் போதும், அது வீரிட்டுக் கத்தும்; தாய்ப்பன்றி தடுப்பை முட்டும்; கொட்டகை முழுவதும் கலங்கிப்போகும். ஆனாலும் என் பதில் ஒன்றுதான்: நாமாகக் கலக்கவே கூடாது. சேர்த்துப் போடுவதற்கென்றே சோதித்து, உரிமம் பெற்று வந்த மருந்தை மட்டும் சேர்த்துப் போடலாம்.

காரணம் சிரிஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. பன்றிக் காய்ச்சலுக்கு நாம் போடும் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குட்டியின் உடம்பில் பெருகினால்தான் எதிர்ப்பு சக்தி உண்டாகும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்கான தடுப்பூசியில் இருப்பதோ கொல்லப்பட்ட கிருமி. அந்த மருந்து கெடாமலிருக்க ஒரு பொருளையும், வேலை செய்யும் திறனைக் கூட்ட வேறொரு துணைப்பொருளையும் சேர்த்திருப்பார்கள். இவற்றில் சில, உயிருள்ள வைரஸை ஊசி ஏறுவதற்கு முன்பே செயலிழக்கச் செய்துவிடும். நோட்டில் ‘ஊசி போட்டாயிற்று’ என்று இருக்கும். குட்டிக்குப் பாதுகாப்பு இருக்காது.

உலகின் பெரிய பண்ணைகளில் பரவலாகப் பயன்படும் கூட்டுத் தடுப்பூசி, சர்க்கோ வைரஸ் இரண்டாம் வகையையும் மைக்கோபிளாஸ்மாவையும் சேர்த்துத் தடுப்பது. சுமார் 3 வார வயதில் போடுகிறார்கள். இந்த இரண்டையும் ஜோடி சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சர்க்கோ வைரஸ் குட்டியின் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கிறது. மைக்கோபிளாஸ்மா மூச்சுக்குழாயில் கிருமிகளை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களை அழிக்கிறது. இரண்டும் சேர்ந்தால், பால் மறந்த குட்டி இருமி இருமி மெலிகிறது. தீனி தின்றாலும் எடை ஏறுவதில்லை.

இப்படி ஒரு கூட்டு மருந்தைச் சோதிப்பது எளிதல்ல. ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பிரித்து வெவ்வேறு குழுக்களில் விடுவார்கள். இல்லாவிட்டால் ஒரு தாயின் நல்ல பாலுக்குரிய பெருமை மருந்தின் கணக்கில் ஏறிவிடும். ஒரு குழுவுக்குக் கூட்டு மருந்து, இன்னொன்றுக்குத் தனித்தனி மருந்து, மற்றொன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். எந்தக் குட்டிக்கு எது போனது என்பது பரிசோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போட்ட கழுத்தைத் தடவி வீக்கம் தேடுவார்கள். பிறகு நோய்க்கிருமியை வேண்டுமென்றே செலுத்தி, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது: தனியாகப் போட்டபோது தந்த பாதுகாப்பை, சேர்த்துப் போட்டபோதும் ஒவ்வொரு மருந்தும் தருகிறதா? ஒன்று மற்றொன்றை அமுக்கிவிட்டால் அந்தக் கூட்டுக்கு உரிமம் கிடைக்காது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் இருக்கும்போதும் மருந்து வேலை செய்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். பண்ணைக் குட்டிகள் அதோடுதான் வளர்கின்றன.

கடைசியில் நுரையீரலைப் பார்ப்பார்கள். நல்ல நுரையீரல் முழுவதும் வெளிர் சிவப்பாக, மிருதுவாக இருக்கும். மைக்கோபிளாஸ்மா தாக்கிய நுரையீரலில் முன்பக்க மடல்களின் கீழ் ஓரம் கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறி, ஈரலைப் போலக் கெட்டிப்பட்டிருக்கும். ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு பகுதி கெட்டது என்று மதிப்பெண் போடுவார்கள். இதை நம் பண்ணையாளர்களும் செய்யலாம். காட்பாடியில் பன்றி அறுக்கும்போது நுரையீரலைத் தூக்கி எறியாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பண்ணையில் எந்த நோய் ஓடுகிறது என்பதற்கு அது நல்ல தடயம். படம் எடுத்து உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மைக்கோபிளாஸ்மா தடுப்பூசி தொற்றை முழுவதுமாகத் தடுக்காது, நுரையீரல் சேதத்தைத்தான் குறைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெரிசலும் காற்றோட்டமின்மையும் உள்ள கொட்டகையை எந்த ஊசியும் காப்பாற்றாது.

பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியைத் தவறாமல் தனியாகப் போடுங்கள். முன்பு அதை முயலின் மண்ணீரலிலிருந்து தயாரித்தார்கள். ஒரு முயலுக்கு ஏறக்குறைய 50 டோஸ்தான் கிடைத்தது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் (செல் வளர்ப்பு முறையில்) உருவாக்கிய தடுப்பூசி 2020-இல் வெளியானது. பக்கத்து இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. தடுப்பூசி நமக்கு அந்நியமான விஷயமல்ல. ஆனாலும் மாட்டுக்கு ஊசி கேட்டு வருபவர்களில் பாதிப் பேர்கூடப் பன்றிக்குக் கேட்டு வருவதில்லையே என்பது என் ஆதங்கம்.

கத்திரி வெயிலில் மருந்தை பைக்கின் சீட்டுக்கடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். 2 முதல் 8 டிகிரி வரை வைக்க வேண்டும். கொல்லப்பட்ட கிருமி மருந்து ஐஸ் கட்டியை நேராகத் தொட்டு உறைந்தாலும் வீணாகிவிடும். இரண்டு தடுப்பூசிகளுக்கு நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டு வாரம் விடச் சொல்வோம். ‘எல்லா நோய்க்கும் ஒரே ஊசி’ என்று யாராவது விற்க வந்தால், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வாங்காதீர்கள். அது நாம் ஊசி போடும் பன்றிக் காய்ச்சல் அல்ல, வேறு நோய்; அதற்கு நம் நாட்டில் உரிமம் பெற்ற தடுப்பூசி இல்லை. ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுவதும், வெளியிலிருந்து வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியாகக் கட்டி வைப்பதும்தான் அதற்கு இப்போதைக்கு வழி.