மைண்ட்ஃபுல்னெஸ், செல்ஃப் கம்பேஷன்: தமிழில் என்ன சொல்வது?

என் சித்திக்குத் தூக்கம் கெட்டு, காரணம் தெரியாத பதற்றம் வர ஆரம்பித்தபோது, ஒரு மருத்துவமனையில் கைப்பிரதி ஒன்று கொடுத்தார்கள். மேலே பெரிய எழுத்தில் 'நினைவாற்றல் பயிற்சி' என்று இருந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஞாபக மறதி ஒண்ணும் இல்லையேம்மா, மனசுதானே படபடன்னு வருது" என்று தாளை மடித்து வைத்துவிட்டார். உள்ளே இருந்தது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. அவருக்குத் தேவையானதும் அதுதான். தலைப்பில் இருந்த ஒரு சொல் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது.

இந்தக் கணத்தில் நடப்பதைக் கவனித்திருக்கும் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர். அதற்கு இப்போது புழங்கும் தமிழ்ச் சொற்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. 'மனநிறைவு' என்று எழுதுகிறார்கள். மனநிறைவு என்றால் திருப்தி. நிம்மதி இல்லாமல் தவிக்கிறவரிடம் திருப்தியாக இருக்கப் பழகு என்றால், அது முடியாத குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். 'விழிப்புணர்வு' பொருளால் பக்கத்தில் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் டெங்கு விழிப்புணர்வுப் பேரணிதான் கண்முன் வருகிறது.

இதில் 'நினைவாற்றல்' மட்டும் வெறும் பிழை என்று ஒதுக்க முடியாத பிழை. சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழைய பௌத்த நூல்கள் எழுதப்பட்ட பாலி மொழியில் இதற்குப் பெயர் 'சதி'. தமிழில் சூழ்ச்சி என்று பொருள்படும் சதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சமஸ்கிருதத்தில் 'ஸ்மிருதி', அதாவது நினைவு. புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் ஏழாவது 'சம்மா சதி'. இலங்கையில் ஆங்கிலேய அரசு அதிகாரியாக இருந்து பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இதற்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற சொல்லைப் போட்டார். அந்தச் சொல் ஆங்கிலத்தில் அதற்கு முன்பே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'மைண்ட்' என்பதற்கும் நினைவு என்ற பொருள் உண்டு. 'ரிமைண்ட்' என்று சொல்லும்போது அந்தப் பொருள் இன்றும் வெளியே வருகிறது.

நினைவு எப்படிக் கவனம் ஆனது? பயிற்சி செய்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மூச்சைப் பார்க்க உட்காருகிறோம். இரண்டாவது நிமிடமே மனம் நேற்றைய சண்டைக்கோ நாளைய கடன் தவணைக்கோ போய்விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, 'அட, மூச்சைப் பார்க்க அல்லவா உட்கார்ந்தோம்' என்று நினைவு வருகிறது. அந்த நினைவு வருகிற கணத்துக்குப் பெயர்தான் சதி. பழைய சங்கதிகளை ஞாபகம் வைத்திருக்கும் திறமை வேறு, எடுத்துக்கொண்டதை மறக்காமல் இருப்பது வேறு.

எடுத்துக்கொண்டதை மறக்காமல் இருப்பது என்று சொன்னேன் அல்லவா, அதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: கடைப்பிடி. ஆண்மகனுக்குரிய குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்கைச் சொல்லும் பழைய இலக்கண உரையான இறையனார் களவியலுரை, 'கடைப்பிடி என்பது கொண்ட பொருள் மறவாமை' என்று விளக்குகிறது. இதைவிடத் துல்லியமாகச் சதியை யாரும் மொழிபெயர்க்க முடியாது என்பது என் எண்ணம். தமிழில் பௌத்தம் எழுதியவர்கள் சம்மா சதியை 'நற்கடைப்பிடி' என்று எழுதியதும் பொருத்தம்தான். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் 'அற்றது அறிந்து கடைப்பிடித்து' என்று வருகிறது. முன்பு உண்டது செரித்ததா என்று அறிந்து, நன்றாகப் பசித்தபின், ஒத்துக்கொள்வதைக் குறிக்கோளோடு உண் என்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி செய்கிற நமக்கு இந்தக் 'கடைப்பிடித்து' வெறும் உணவுக் குறிப்பாகப் படவில்லை.

ஆனால் சொற்கள் நகர்ந்துவிடுகின்றன. இன்று கடைப்பிடி என்றால் சாலை விதிகளைக் கடைப்பிடி என்பதுதான். அதனால் அதை அப்படியே தலைப்பில் போடச் சொல்ல மாட்டேன். அன்றாடப் பேச்சில் இதற்கு மிக அருகில் வருவது 'நிதானம்'. 'நிதானமா சாப்பிடு', 'கோபத்துல நிதானம் போயிடுச்சு' என்கிறோமே, அந்த நிதானம். எழுத்தில் 'மனக்கவனம்' என்பதை நான் பயன்படுத்துகிறேன். படித்தவுடன் புரியும், வேறு பொருளுக்கு இழுத்துக்கொண்டு போகாது.

இந்தப் பயிற்சி மடாலயத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்தது 1979இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்காக ஜான் கபாட்-ஜின் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மதச் சொற்களை எடுத்துவிட்டு, இந்தக் கணத்தில் நடப்பதை நல்லது கெட்டது என்று முத்திரை குத்தாமல் கவனிப்பது என்று வரையறுத்தார். பின்னர் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் அதை மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்கும் சிகிச்சையாக மாற்றினார்கள். 2000இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து மீண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் மீண்டும் வந்தது. பயிற்சியும் பெற்றவர்களுக்கு 37 சதவீதம். நோய் உச்சத்தில் இருப்பவர்களுக்கான பயிற்சியாக இது தொடங்கவில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

அப்புறம் இரண்டாவது சொல், செல்ஃப் கம்பேஷன். இதை 'தன்னிரக்கம்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. தமிழில் தன்னிரக்கம் என்றால் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று தன்னை நினைத்தே உருகுவது. 2003இல் இந்தக் கருத்தை உளவியலில் வரையறுத்து, அதை அளக்க ஒரு அளவுகோலும் உருவாக்கிய கிறிஸ்டின் நெஃப் சொல்வது இதற்கு நேர் எதிர். தன்மீது கனிவு, இந்தத் தவிப்பு மனிதர் எல்லோருக்கும் வருவதுதான் என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்க்கும் மனக்கவனம் என மூன்றும் சேர்ந்தது அது. 'எனக்கு மட்டும்' என்பது போய் 'எல்லோருக்கும்' என்பது வரும் இடம்.

கம்பேஷன் லத்தீன் வேரில் 'சேர்ந்து துன்புறுதல்'. தமிழில் அதே இரட்டைப் பொருளைச் சுமக்கும் சொல் பரிவு. 'பரிதல்' என்றால் வருந்துவதும் உண்டு, அன்பு வைப்பதும் உண்டு. அதோடு நம் வீடுகளில் 'பரிந்து பேசுவது' என்று ஒன்று இருக்கிறது. அப்பா திட்டும்போது பாட்டி வந்து பேரனுக்குப் பரிந்து பேசுவாள். அவன் தப்பே செய்யவில்லை என்று சொல்ல மாட்டாள். 'சரி, பண்ணிட்டான், விடு. டேய், சாப்பிட வா' என்பாள். தனக்குத் தானே அந்தப் பாட்டியாக இருப்பதைத் 'தற்பரிவு' என்று சொல்லலாம். தற்காப்பு, தற்பெருமை போல அமைந்த சொல். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல்கூட, அன்புத் தியானத்தை முதலில் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. ஆகவே இது சுயநலமோ என்று தயங்க வேண்டியதில்லை.

பழக விரும்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். நெஃபும் அவரோடு சேர்ந்து பயிற்சித் திட்டம் உருவாக்கிய கிறிஸ்டோஃபர் ஜெர்மரும் ஒலிப்பயிற்சிகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். கடிதப் பயிற்சி எளிதானது: உங்களுக்கு வந்த அதே கஷ்டம் நெருங்கிய தோழிக்கு வந்தால் என்ன எழுதுவீர்களோ, அதை உங்கள் பெயருக்கே எழுதுவது. பெரிய அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே கவனிப்பது சில சமயம் பயத்தைக் கூட்டும். அப்போது கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்தால் போதும். அதுவும் முடியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பித் தாங்களாக நிறுத்தக் கூடாது. யாரிடமாவது பேச வேண்டும் என்று இருந்தால், இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற எண்ணை அழைக்கலாம்.

சித்திக்கு ஆங்கில ஒலிப்பதிவு சரிப்படவில்லை. அதனால் நானே போனில் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். 'நீங்கள் இப்போது உங்கள் மூச்சைக் கவனிக்கிறீர்கள்' என்று ஆரம்பித்திருந்தேன். "யாரோ டாக்டர் பேசுற மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் மாற்றினேன்: 'சித்தி, மூச்சு வருது, போகுது. மனசு எங்கேயோ போயிடுச்சா? சரி, பரவாயில்லை, திரும்ப வா.' இப்போதும் படுக்கப் போகும் முன் அந்த இரண்டாவது பதிவைத்தான் கேட்கிறார்.