‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்புவதற்கு முன்

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். இப்போது மேசையின் மறுபக்கம் வந்து, வேலை தேடுகிறவர்களுக்கு உதவுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல படிப்பும் நல்ல அனுபவமும் உள்ளவர்கள். “எத்தனையோ இடத்துக்கு அனுப்பிவிட்டேன், ஒரு பதிலும் இல்லை” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சிலர் அலுத்துப்போய், “பேசாமல் விசிட் விசாவில் போய் அங்கேயே தேடிக்கொள்கிறேன்” என்பார்கள். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு மின் பொறியாளரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சப்ஸ்டேஷன்களில், அதாவது துணை மின்நிலையங்களில், மின்கோளாறு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதித்து ஓடவிடுவதுதான் (கமிஷனிங்) அவர் தொழில். 11 வருட அனுபவம். லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் தாளைக் காட்டினார். ஐந்து நாடுகள், 312 விண்ணப்பங்கள், 9 பதில்கள், ஒன்பதும் மறுப்பு. அவருடைய சிவியை வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் புகைப்படம், தந்தை பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், அதற்குக் கீழே ‘சவாலான பணிச்சூழலில் வளர விரும்புகிறேன்’ என்று ஒரு பத்தி. ரிலே வேலை என்ற அந்த அருமையான விஷயம் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியாக ஒதுங்கிக் கிடந்தது. அவர் எந்த விசாவில் வர முடியும், எப்போது சேர முடியும், அவருடைய பட்டம் அந்த நாட்டில் செல்லுமா என்பது பற்றி நான்கு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சிவியைக் கையில் எடுக்கும் மேலாளர் மனதில் முதலில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்த அறைகளில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ‘இவரைச் சட்டப்படி இங்கே கொண்டுவர முடியுமா, எத்தனை மாதம் ஆகும், எனக்கு எவ்வளவு அலைச்சல்?’ இதுதான் முதல் கேள்வி. திறமையை அளப்பது அதற்கு அப்புறம்தான். உள்ளூர் ஆள் ஒருவர் அடுத்த மாதமே வந்து உட்காரத் தயாராக இருக்கும்போது, விடை தெரியாத சிவியை யாரும் துருவிப் படிப்பதில்லை. ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆகவே அவர்கள் கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். நான் சொல்லித்தரும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

விடை சொல்ல வேண்டுமென்றால் முதலில் விசா வழி நமக்குப் புரிந்திருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு வேலை கையில் இருந்தே ஆக வேண்டும். அதுவும் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமத்தைப் பெற்ற நிறுவனத்தின் வேலையாக இருக்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அங்கே புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டப்படிப்பு நிலையிலான வேலைகளே பொதுவாகத் தகுதி பெறும். ஆஸ்திரேலியாவின் 189 விசா நேர் எதிர். புள்ளிகளின் அடிப்படையில் தருவது, வேலை இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு நிறுவனம் மார்ச்சில் பதிவு செய்தால் வேலை தொடங்குவது அக்டோபரில். அவ்வளவு மாதம் காத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அது சரிப்படும்.

கனடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புள்ளிகளை வைத்து நிரந்தரக் குடியேற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை உறுதி இருந்தால் முன்பு 50 அல்லது 200 புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்தன. அந்தப் புள்ளிகளுக்காகவே வேலைக் கடிதங்கள் விற்பனைக்கு வந்தன. 2025 மார்ச் 25 அன்று அந்தப் புள்ளிகளை அரசு எடுத்துவிட்டது. ஆனாலும் ‘கடிதம் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும்’ என்று யாராவது சொன்னதை நம்பிக்கொண்டு இன்றும் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் நீங்களே படியுங்கள். நான் இங்கே எழுதியதைக்கூட அங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வழி தெரிந்த பிறகு படிப்பு. இதைத்தான் எல்லாரும் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள், இதில்தான் மாதங்கள் கரைகின்றன. செவிலியர், மருத்துவர் போன்ற தொழில்களுக்கு அந்த நாட்டில் பதிவு இல்லாமல் வேலை இல்லை. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற மொழித்தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு என்று மூன்று படிகள் இருக்கின்றன. ஐடி போன்ற தொழில்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஜெர்மனியில் 2023 நவம்பரிலிருந்து, ஐடி துறையில் கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு (உயர் தகுதி உள்ளவர்களுக்கான வேலை அனுமதி) பெற வழி இருக்கிறது. மற்றத் துறைப் பட்டதாரிகள் முதலில் வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ‘அனாபின்’ என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் தங்கள் கல்லூரியும் பட்டமும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று தேட வேண்டும். கல்லூரிக்கு நேராக ‘எச்+’, அதாவது அங்கீகாரம் உண்டு, என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பட்டம் அதில் இல்லையென்றால் தனியாக மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் பொறியாளர் 312 விண்ணப்பம் அனுப்பியிருந்தார், இந்தத் தேடலை ஒருமுறைகூடச் செய்யவில்லை. என் எதிரில் உட்கார்ந்தே தேடினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கல்லூரியும் இருந்தது, பட்டமும் இருந்தது. மனிதர் கண் கலங்கிவிட்டார்.

சரி, சிவிக்கு வருவோம். அதை இரண்டு பக்கமாகக் குறைத்தோம். பாஸ்போர்ட் எண்ணைத் தூக்கினோம், அது எந்த நாட்டுக்கும் சிவியில் தேவையில்லை. பிரிட்டன், அமெரிக்கா, கனடாவுக்குப் புகைப்படம், வயது, திருமண விவரம் எதுவும் வேண்டாம். ஜெர்மனியில் புகைப்படம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை. பிறகு உச்சியில் இப்படி எழுதினோம்: ‘சப்ஸ்டேஷன் கமிஷனிங் பொறியாளர், 11 ஆண்டுகள். பட்டம் அனாபினில் இணையானதாகப் பதிவாகியுள்ளது. ப்ளூ கார்டு வழியில் வர முடியும். ஜெர்மன் மொழி பி1 (இடைநிலை). நோட்டீஸ் காலம் 3 மாதம், விசாவுடன் சேர்த்து 5 மாதத்துக்குள் சேர இயலும்.’ மேலாளரின் கேள்விக்கு முதல் பத்து நொடியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ரிலேக்கள் பேசத் தொடங்கும்.

விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும் குறைக்கச் சொன்னேன். வாரத்துக்கு மூன்று போதும், ஆனால் ஒவ்வொன்றும் அந்த நிறுவனத்துக்காகவே எழுதியதாக இருக்க வேண்டும். எங்கே தேடுவது? பிரிட்டன் அரசு ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் முழுப் பட்டியலையும் இணையத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் உங்கள் துறை நிறுவனங்களைப் பிரித்தெடுத்து, அவர்களுடைய தளத்துக்கே நேராகப் போங்கள். கனடாவின் அரசு வேலைத்தளமான ஜாப் பேங்கில், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கத் தயாராக இருப்பவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். ஜெர்மனிக்கு ‘மேக் இட் இன் ஜெர்மனி’ என்ற அரசுத் தளம் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவரிடம் ‘எனக்கு வேலை இருக்கிறதா?’ என்று கேட்டால் பதில் வராது. அதே தொழிலில் அங்கே இருப்பவரிடம் ‘நான் இந்த வகை ரிலேயில் வேலை செய்கிறேன், அங்கே எதைப் பயன்படுத்துகிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தொழில் பேச்சுக்கு மனிதர்கள் பதில் சொல்வார்கள், வேலைப் பேச்சு தானாக வரும்.

சம்பளத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ‘எவ்வளவு கொடுத்தாலும் வருகிறேன்’ என்று சொன்னால் வாய்ப்புக் கூடும் என்று நினைக்கிறார்கள். பல விசாக்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து பிரிட்டனில் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. ஜெர்மன் ப்ளூ கார்டுக்கு 2025இல் பொது வரம்பு 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு அதைவிடக் குறைவு. அந்த வரம்புக்குக் கீழே நீங்களாக இறங்கிக் கேட்டால், உங்களை எடுக்க விரும்புகிறவருக்கே கை கட்டப்பட்டுவிடும். வரம்பைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். வரியும் காப்பீடும் போக மாதம் கையில் எவ்வளவு வரும் என்றும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுச் சம்பளத்தை உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்து மயங்கிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி மோசடி. நல்ல வேலை கொடுப்பவர் எதைக் கேட்பார் என்று மேலே சொன்னேன். போலிகள் அதைக் கேட்கவே மாட்டார்கள். உங்களை எப்படிக் கொண்டுவருவது என்ற கவலை அவர்களுக்குக் கிடையாது.

ஒரு செவிலியர் எனக்கு ஒரு ஆஃபர் லெட்டரை அனுப்பி, “பணம் கட்டலாமா?” என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இருபது நிமிடம் எழுத்தில் பேசியதுதான் நேர்காணல். பதிவு எண் இருக்கிறதா, மொழித்தேர்வு எழுதினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடிதத்தில் இருந்த மருத்துவமனை உண்மையானது, ஸ்பான்சர் பட்டியலிலும் இருந்தது. ஆனால் மின்னஞ்சல் முகவரியில் மருத்துவமனையின் பெயருக்கு நடுவே அதன் தளத்தில் இல்லாத ஒரு சிறு கோடு. கூடவே முத்திரை, கையெழுத்து, தங்க நிற ஓரம் எல்லாம் போட்டு ‘ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்’ என்று ஒரு பிடிஎஃப். அந்தத் தங்க ஓரமே போதும், பொய் என்று சொல்லிவிடலாம். பிரிட்டனில் சான்றிதழ் என்று பெயர் இருந்தாலும் அது ஒரு மின்னணுப் பதிவு. உங்களுக்கு வேண்டியது அதன் எண் மட்டுமே. மருத்துவமனையின் தளத்தில் இருந்த எண்ணுக்கு அவரையே அழைக்கச் சொன்னேன். அப்படி ஒரு வேலையே இல்லை என்றார்கள். பணம் அன்று மாலை அனுப்புவதாக இருந்ததாம்.

வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். தேர்வுக் கட்டணம், விசாக் கட்டணம் போன்றவற்றை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே நேராகக் கட்டலாம், அது வேறு. ஏஜென்ட் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. நியூசிலாந்தில் வேலை தருவதற்காகப் பணம் வாங்குவது சட்ட விரோதம். கனடாவில் வெளிநாட்டவரை எடுக்க நிறுவனம் அரசிடம் கட்டும் எல்எம்ஐஏ (தொழிலாளர் சந்தைத் தாக்க மதிப்பீடு) கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்க முடியாது. ‘விசா வந்ததும் திருப்பித் தருவோம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

நேரில் போய்த்தான் தேடுவேன் என்றால் அதற்கென்று இருக்கும் விசாவில் போங்கள். ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் ‘வாய்ப்பு அட்டை’ தருகிறது. தகுதிகளுக்குப் புள்ளி கணக்கிட்டு, ஓராண்டு வரை தங்கித் தேட விடுகிறார்கள், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதை முன்பே காட்ட வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்து பிடிபட்டால், அடுத்து நியாயமாக விண்ணப்பிக்கும்போதும் அந்தக் கறை கூடவே வரும்.

வேலை கிடைத்த பிறகும் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். உங்கள் விசா அந்த நிறுவனத்தோடு கட்டியிருக்கும். வேலை போனால் அமெரிக்க எச்-1பியில் இருப்பவருக்கு 60 நாள் வரைதான் அவகாசம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து அதை ஒரு முறைக்கு 180 நாளாக உயர்த்தியிருக்கிறார்கள். சோதனைக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் பயணச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா, இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

நம் பொறியாளர் அதற்குப் பிறகு ஜெர்மனிக்கு மட்டும் ஐந்து மாதத்தில் 58 விண்ணப்பம் அனுப்பினார். நான்கு நேர்காணல், ஒரு வேலை. ஆஃபர் வந்த அன்றே ராஜினாமா கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்தார். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் வரை அதைக் கொடுக்கக் கூடாது என்றேன். “அதற்குப் பிறகு மூன்று மாத நோட்டீஸ் என்றால் சேரும் தேதி தள்ளிப்போகுமே, வேலை போய்விடுமே” என்று பதறினார். உள்ளதை உள்ளபடி எழுதி ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள் என்றேன். மறுநாளே அங்கிருந்து பதில் வந்தது: ‘புரிகிறது, ஒப்பந்தத்தில் தேதியை மாற்றி அனுப்புகிறோம்.’