சொல் விளக்கம்: சிம்பல் பைண்டிங்

நிரலில் ஒரு பெயரைச் சொல்லி அழைக்கிறோம். அந்தப் பெயர் நினைவகத்தில் எந்த முகவரியைக் குறிக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் சிம்பல் பைண்டிங்.

பைண்ட் என்றால் கட்டு. வடமொழியின் பந்தமும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்ததுதான். சிம்பல் கிரேக்கத்தின் சிம்பொலோன். ஒப்பந்தம் செய்த இருவர் ஒரு பொருளை உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் பாதிகள் பொருந்தினால் ஆள் சரி. தனித்தனிக் கோப்புகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் லிங்கரின் வேலைக்கு இந்தப் பழைய பொருள் அப்படியே ஒத்துவருகிறது: ஒரு கோப்பில் அழைப்பு, இன்னொன்றில் வரையறை, இரண்டும் பொருந்த வேண்டும்.

பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நூலகத்தில்தான் சிக்கல். ஒரு நூலகத்தில் 'தவணை' என்ற ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), அதே நூலகத்திலுள்ள 'வட்டி'யை அழைக்கிறது என்று வையுங்கள். முதன்மை நிரலிலும் ஒரு 'வட்டி' இருந்தால்? லினக்ஸில் தேடல் முதன்மை நிரலிலிருந்து தொடங்கும். எனவே நூலகத்தின் உள் அழைப்பும் அங்கேதான் போய் நிற்கும். இது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த வசதி. நாம் சொல்லும் நூலகத்தை முன்கூட்டியே ஏற்றவைக்கும் எல்டி_பிரிலோட் (LD_PRELOAD) அமைப்பு மூலம், நினைவகம் ஒதுக்கும் மல்லாக்கை (malloc) மாற்றிவைக்க முடிவது இதனால்தான். ஆனால் தற்செயலாகப் பெயர் மோதினால் வட்டிக் கணக்கு சத்தமில்லாமல் தப்பாகிவிடும்.

லிங்கருக்கு -பிசிம்பாலிக் (-Bsymbolic) என்ற கட்டளை விருப்பத்தைக் கொடுத்தால், நூலகம் தன்னிடமுள்ள வரையறையையே பிடித்துக்கொள்ளும். அழைப்பு வேகமும் கூடும். ஆனால் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளில் கவனம் வேண்டும்: நூலகத்தின் பொது மாறியை முதன்மை நிரல் தன்னிடம் பிரதி எடுத்திருந்தால், இரண்டும் வேறு வேறு இடங்களில் எழுதிக்கொண்டிருக்கும். அதனால் ஃபங்ஷன்களை மட்டும் கட்டும் -பிசிம்பாலிக்-ஃபங்ஷன்ஸ் மேல் என்பேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகை, தன் மென்பொருள் பொதிகளை உருவாக்கும்போது இதை இயல்பாகவே சேர்க்கிறது. புதிதாக எழுதும் நூலகமென்றால், வெளியே தெரியவேண்டாத பெயர்களை ஹிட்டன் (hidden) என்று குறித்து மறைத்துவிடுவது இன்னும் நல்லது.

சரி, தமிழில்? பைண்டிங்குக்கு 'பிணைப்பு' பொருந்தும். 'இணைப்பு' லிங்க்குக்கு ஏற்கெனவே போய்விட்டது. சிம்பலைக் 'குறியீடு' என்றால் 'கோட்' (code) என்பதற்கும் அதையே சொல்கிறோம், குழப்பம். 'குறிப்பெயர்ப் பிணைப்பு' என்பது என் தேர்வு. -பிசிம்பாலிக்கை 'உட்பிணைப்பு' எனலாம், நூலகம் தனக்குள்ளேயே கட்டிக்கொள்வதால்.