ஓர் ஆயில் சீலுக்கு 19 நாள்

செலவுக் கணக்குத் தணிக்கைக்காக ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போனபோது, ஓர் இண்டென்ட்டை (பொருள் வேண்டும் என்று எழுதிக் கேட்கும் தாள்) மட்டும் எடுத்து அது போன வழியெல்லாம் போய்ப் பார்த்தேன். பம்புக்கு ஓர் ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், வேண்டும். விலை 400 ரூபாய். ஸ்டோர்ஸ், பராமரிப்பு, பர்சேஸ், மூன்று கொட்டேஷன், ஃபைனான்ஸ் என்று சுற்றிவந்து பொருள் கைக்கு வர 19 நாள். எல்லா மேஜையிலும் சேர்த்து அந்தத் தாளின் மேல் நடந்த வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் அது ட்ரேயில் தூங்கியது.

அதே மாதம் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையிலும் சீல் கெட்டுப்போனது. முதலாளி பையனிடம் பணம் கொடுத்து அனுப்பினார். டீ வருவதற்குள் சீல் வந்துவிட்டது.

இதைச் சொன்னால், பெரிய கம்பெனி ஆட்கள் சோம்பேறிகள் என்று முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் கார் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 1982-ல் மூடியது. தரம் மோசம், சங்கத் தகராறு, ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து ‘நூமி’ (NUMMI) என்ற பெயரில் அதே ஆலை திறந்தது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே, சங்கமும் அதேதான். முன்பு என்ன ஆனாலும் கார்கள் வரிசையாக நகர்ந்து தயாராகும் லைன் நிற்கக் கூடாது. குறையோடு வந்த காரைக் கடைசியில் பார்த்துக்கொள்வார்கள். புது ஏற்பாட்டில் கோளாறைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுப்பார். டீம் லீடர் ஓடிவருவார். உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளிலேயே தரத்தில் ஜி.எம். ஆலைகளின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். ஜி.எம்.மோ இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஆண்டுக்கணக்கில் திணறியது. 2009-ல் திவால் மனு கொடுத்தது. (அதற்கு வேறு காரணங்களும் உண்டு.)

மூன்று கொட்டேஷன் விதி முட்டாள்தனமில்லை. எப்போதோ யாரோ கமிஷன் அடித்திருப்பார். அவர் போய்விட்டார், விதி தங்கிவிட்டது. 400 ரூபாய்க்கும் நாற்பது லட்சத்துக்கும் அதே விதி என்பதுதான் கோளாறு. காத்திருந்த நாளுக்கு லாப நட்டக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. சந்தேகமிருந்தால் உங்கள் ஆபீஸில் ஒரு ஃபைலை எடுத்து, ஒவ்வொரு மேஜைக்கும் அது வந்த தேதியையும் போன தேதியையும் குறித்துப் பாருங்கள்.

பராமரிப்பு சூப்பர்வைசரே 5,000 ரூபாய் வரை நேரடியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று அந்தத் தொழிற்சாலைக்கு எழுதிக்கொடுத்தேன். “அவர் ஏமாற்றினால்?” என்றார் ஃபைனான்ஸ் தலைவர். பம்ப் நின்ற 19 நாளில் போன உற்பத்தியின் கணக்கை அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம், “சரி, 2,000 வரைக்கும்” என்றார்.