இறக்கத்தின் வேகம் ஏற்றத்தில் இருக்கிறது

டாரண்ட் என்பது ஒரே கோப்பை இறக்குகிறவர்கள் அதைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளும் முறை. அதன் வழியாகக் கோப்பு இறக்குகிறவர்களில் பலர் முதல் வேலையாகப் பதிவேற்ற வேகத்தை, அதாவது தம் கணினியிலிருந்து பிறருக்குத் தரவு போகும் வேகத்தை, மிகக் குறைத்து வைத்துவிடுகிறார்கள். நம் இணைப்பை ஏன் பிறருக்குக் கொடுக்க வேண்டும், எல்லாம் நம் கோப்புக்கே வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் அந்த ஓர் அமைப்புதான் அவர்களுடைய இறக்கத்தை முடக்கிப்போடுகிறது.

பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் 2001இல் இந்த முறையை, பிட்டாரண்ட் என்ற பெயரில், வெளியிட்டார். ஒரே சர்வரில் இருக்கும் கோப்பை ஆயிரம் பேர் கேட்டால் அந்த சர்வர் திணறும். கேட்பவர் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும். பிட்டாரண்ட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. தொடக்க காலத்தில் ஒரு துண்டு பெரும்பாலும் 256 கிலோபைட். ஒரு துண்டு கைக்கு வந்ததுமே அதை நீங்கள் அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கலாம். துண்டு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்க, ஒவ்வொன்றின் கைரேகை போன்ற ஓர் எண்ணும், இறக்கத்தைத் தொடங்க நீங்கள் திறக்கும் சிறிய டாரண்ட் கோப்பிலேயே இருக்கும். 2003இல் ரெட் ஹாட் 9 லினக்ஸ் என்ற இயங்குதளம் இப்படிப் பரவியதை ஆராய்ந்த ஓர் ஆய்வு அடுத்த ஆண்டு வெளியானது. ஐந்து மாதங்களில் அந்தக் கோப்பைப் பகிர்ந்துகொண்ட கூட்டத்தில் சுமார் 1,80,000 கணினிகள் சேர்ந்தன. முதல் ஐந்து நாட்களிலேயே 50,000க்கும் மேல். அத்தனை பேர் மொய்த்தும் கூட்டம் நிலைகுலையவில்லை, வந்தவர்களே வழங்குபவர்களாகவும் இருந்ததால்.

யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை ஒவ்வொரு கணினியும் தானே முடிவுசெய்கிறது. கோஹனின் மூல வடிவமைப்பில் உங்கள் நிரல் ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மட்டுமே வழியைத் திறந்துவைக்கும். பத்து நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும்: இவர்களில் எனக்கு வேகமாகக் கொடுத்தவர் யார்? மொய் நோட்டைப் புரட்டிப் பார்ப்பது போலத்தான். கொடுத்தவருக்குத் திரும்பப் போகும். கொடுக்காதவருக்கு வழி அடைக்கப்படும். எதிர்முனையில் இருப்பவரும் உங்களைப் பற்றி இதே நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பதிவேற்றத்தை நொடிக்கு ஒரு கிலோபைட்டுக்கு இறக்கி வைத்தவர் அங்கே எந்த வரிசையில் நிற்பார்?

இன்று சேர்ந்தவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காதே என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. கொடுத்தாரா இல்லையா என்று பாராமல் ஒருவருக்கு இலவசமாக வழி திறக்கப்படும்; அந்த ஒருவர் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவார். புதியவரின் முதல் துண்டு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் முதல் சில நிமிடங்கள் வேகம் ஊர்கிறது. அதைப் பார்த்துப் பதறி, நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறவர் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்கே போகிறார். முழுக் கோப்பையும் வைத்திருப்பவர்களுக்கு யாரிடமும் பெற வேண்டியது ஒன்றும் இல்லை; அவர்கள் இந்த நோட்டைப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கும், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போன்ற கோப்புகளில் நீங்கள் கஞ்சத்தனம் காட்டினாலும் வேகம் வரும். கூட்டம் சிறியதென்றால் வராது.

சரி, பதிவேற்றத்தை முழுவதுமாகத் திறந்துவிடலாமா? அதுவும் தவறு. பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இறக்கம் 8 மெகாபிட், ஏற்றம் 512 கிலோபிட். தரவு வந்து சேர்ந்ததும் 'கிடைத்தது' என்று ஒரு சிறு பொட்டலத்தை உங்கள் கணினி திருப்பி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேராமல் எதிர்முனை தொடர்ந்து அனுப்பாது. இணைப்பு முழு வேகத்தில் இறக்கும்போது இந்த ஒப்புகைகளுக்கே நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் ஏற்றம் தேவைப்படும். ஏற்றப் பாதை முழுவதையும் டாரண்ட் அடைத்துக்கொண்டால், மோடத்தின் வரிசையில் 64 கிலோபைட் தேங்கிவிடும். 512 கிலோபிட்டில் அது வடிய ஒரு நொடி ஆகும். ஒவ்வொரு ஒப்புகையும் அந்த வரிசையில் ஒரு நொடி காத்துக் கிடக்கும். இறக்கம் சரியும், அதே வீட்டில் யாராவது இணையத்தில் பேசிக்கொண்டிருந்தால் குரலும் அறுபடும்.

ஆகவே ஏற்றத் திறனில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வரம்பாக வைப்பது நல்ல பழக்கம். முதலில் ஏற்ற வேகத்தை அளந்துகொள்ளுங்கள். மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் கிடைக்கும். இதை மறந்து எட்டு மடங்கு தவறாக வரம்பு வைத்தவர்கள் உண்டு. பின்னாளில் வந்த மியூடிபி என்ற நெறிமுறை, வரிசையில் தாமதம் 100 மில்லிநொடியை நெருங்கும்போதே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் நிரலில் அது இருந்தால் அணைத்துவிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்குக் கொடுக்கும்படி மாற்றினால் வேகம் கூடும் என்பதும் பரவலான நம்பிக்கை. நொடிக்கு 50 கிலோபைட்டை நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பன்னிரண்டு. ஐம்பது பேருக்குப் பிரித்தால் ஒன்று. தலைக்கு ஒன்று கொடுப்பவரை யாருடைய நோட்டும் மதிக்காது. ஏற்றம் குறைவாக உள்ள இணைப்பில் ஆட்களைக் குறைத்து, ஆளுக்கு நிறையக் கொடுப்பதே மேல்.

இன்னொரு தடை ரவுட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விடாத ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர், தானாகப் போய்ப் பிறரைத் தொடர்புகொள்ளலாம்; பிறர் அவரைத் தேடி வர முடியாது. இருபுறமும் கதவு அடைத்திருந்தால் அந்த இருவரும் சந்திப்பதே அரிது. ரவுட்டரில் டாரண்ட் நிரலுக்கான போர்ட்டை, அதாவது வெளி அழைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிட்டால் கூட்டத்தின் அந்தப் பகுதியும் உங்களுக்குக் கிடைக்கும். சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால் இது பலிக்காது. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரக்கூடிய புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அந்த வழியில் முயலலாம். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் சர்வர்களுக்கு டிராக்கர் என்று பெயர். நீளமான டிராக்கர் பட்டியல்களைத் தேடி ஒட்டுவதால் பெரும்பாலும் பெரிய பயன் இல்லை. டிராக்கர் இல்லாமலேயே கூட்டாளிகள் ஒருவர் மூலம் ஒருவரைக் கண்டுபிடித்துக்கொள்ளும் வசதி இன்றைய நிரல்களில் இருக்கிறது.

இவை எதுவும் உதவாத ஓர் இடம் உண்டு. நிரலின் விவரப் பகுதியில் கூட்டத்தில் கோப்பின் எத்தனை பிரதிகள் கிடைக்கின்றன என்று காட்டும் எண் இருக்கும். அது 0.98 என்றால், அங்கிருக்கும் எல்லோருடைய துண்டுகளையும் சேர்த்தாலும் கோப்பு முழுமையாகாது. இருப்பதிலேயே அரிய துண்டை முதலில் கேட்டு வாங்கும் விதி இந்த நிலை நேராமல் தடுக்கத்தான் இருக்கிறது; ஆனாலும் இறக்கி முடித்தவர்கள் எல்லோரும் உடனே மூடிவிட்டுப் போனால் விதி என்ன செய்யும்? முப்பது பேர் 98 சதவீதத்தில் நாள்கணக்காக நின்றுகொண்டிருப்பார்கள். எங்கோ ஒருவர், முழுக் கோப்பு உள்ள தன் பழைய கணினியைத் திறந்து நிரலை ஓடவிடுவார். விட்டுப்போன துண்டுகள் ஒவ்வொன்றாக ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். சற்று நேரத்தில் அந்த முப்பது பேருக்கும் கோப்பு முழுமையாகிவிடும்.